14,499 ரூபாய்க்கு ஒரு கறுப்புத் திரை: டிவி பெட்டி வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள்

இப்போது மணி இரவு பதினொன்றரை. எதிரே டிவியில் சத்தம் வருகிறது, வசனம் எழுத்தாகக் கீழே ஓடுகிறது, படம் மட்டும் இல்லை. கன்னங்கரேலென்று கிடக்கிறது. இதற்கு நான் அழுதது 14,499 ரூபாய். டிவியோடு இணைக்கும் ஆண்ட்ராய்டு பெட்டிக்கு (டிவி அல்ல) 11,500, அதில் கோடி மென்பொருளைப் போட்டு 'செட்' பண்ணிக் கொடுக்க 1,500, ஓடிடி ஒன்றின் ஆண்டுச் சந்தா 1,499. (கோடி என்பது வீடியோ, போட்டோ எல்லாம் ஓட்டும் மென்பொருளின் பெயர். ரூபாயில் அதுவரை போகாமல் தப்பித்தேன்.) வாங்கும்முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

அப்பாவுக்கு எழுபத்து நான்கு வயது. டிவிக்கு ஒரு ரிமோட், கேபிளுக்கு ஒன்று, டிவிடி பிளேயருக்கு ஒன்று என்று தடுமாறுவார். எங்கள் கல்யாண வீடியோ, அவருடைய சஷ்டியப்தபூர்த்தி, பழைய போட்டோக்கள் எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கின்றன. அதோடு ஓடிடியும் சேர்ந்து ஒரே திரையில், ஒரே ரிமோட்டில் வந்தால் போதும் என்பதுதான் ஆசை.

சென்னை ரிச்சி தெருப் பக்கம் ஒரு கடை. பெயர் சொல்லவில்லை. முப்பது வயதிருக்கும் பையன், போனதுமே பேப்பர் கப்பில் டீ வரவழைத்தான். பெரிய டிவியில் பெட்டியை மாட்டி ஒரு பஞ்சவர்ணக் கிளியை ஓடவிட்டான். அதன் இறகில் நின்ற நீர்த்துளியில் ஜன்னல் தெரிந்தது, அவ்வளவு துல்லியம்.

"ஓடிடியும் இப்படியேதான் தெரியுமா தம்பி?"

"4கேண்ணே. பெட்டி மேலயே போட்டிருக்கு பாருங்க. எங்க அப்பாவுக்கும் இதத்தான் வாங்கிக் குடுத்தேன்."

அந்த 'அப்பா'வில் விழுந்தேன். அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே பெட்டியின் பின்னால் ஒரு பென் டிரைவ் நீலமாக மினுக்கிக்கொண்டிருந்தது. பார்த்தேன். கண்ணால் பார்த்தேன்! கிளி நெட்டிலிருந்து வரவில்லை, பென் டிரைவிலிருந்து வருகிறது என்று மண்டைக்கு எட்டவில்லை. பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் கல்யாண வீடியோ ஜம்மென்று ஓடியது. அதில் குறையே இல்லை. ஓடிடியைத் திறந்தால் முகமெல்லாம் கஞ்சியில் விழுந்த மாதிரி கலங்கல். அதே வைஃபையில், ஒன்பதாயிரம் ரூபாய் போனில் அதே படம் பளிச்சென்று வருகிறது.

கடைக்கு அடித்தேன். "நெட்டு ஸ்லோவா இருக்கும்ணே." இரண்டாவது தடவை, "கேபிள மாத்திப் பாருங்கண்ணே." மாற்றினேன், 650 ரூபாய், அதை இந்த 14,499இல் சேர்க்கவே இல்லை. மூன்றாவது தடவை, "அடுத்த அப்டேட்ல வந்துரும் சார்." அண்ணன் எப்போது சாரானேன் என்று தெரியவில்லை. நான்காவது தடவை, "சார், பெட்டி ஆன் ஆகுதா இல்லையா? ஆகுதுல்ல? அப்ப வாரண்டில வராது." அதற்கப்புறம் மணி மட்டும் அடிக்கிறது.

போன சனிக்கிழமை அந்தக் கலங்கலும் போய், முழுக் கறுப்பு. ஓடிடிக்காரர்களின் சாட்டில் நாற்பது நிமிடம் உட்கார்ந்தேன். ரீஸ்டார்ட் பண்ணுங்கள், கேஷ் என்ற தற்காலிகக் கோப்புகளை அழியுங்கள், செயலியையே அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றுங்கள். எல்லாம் செய்த பிறகு, "உங்கள் சாதனம் எங்கள் பாதுகாப்புத் தேவைகளுக்கு உட்பட்டதாக இல்லை, சிரமத்துக்கு வருந்துகிறோம்." சரி, சந்தாவைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். ஆண்டுச் சந்தாவுக்கு அது கிடையாதாம். பணம் வாங்கும்போது மட்டும் என் சாதனம் எதற்கும் உட்பட வேண்டியிருக்கவில்லை.

அக்கா மகன் வந்து பார்த்துவிட்டுத்தான் விஷயத்தைச் சொன்னான். இந்தப் படங்களெல்லாம் பூட்டோடு வருகின்றன. ஆண்ட்ராய்டில் அந்தப் பூட்டின் பெயர் வைட்வைன், கூகுளுடையது. அதில் எல்1, எல்2, எல்3 என்று படிகள். எல்1 என்றால் பூட்டைத் திறப்பதும் படத்தை விரிப்பதும் சிப்புக்குள் தனியாக அடைத்த இடத்தில் நடக்கும், வெளியிலிருந்து நகலெடுப்பது சுலபமில்லை. எல்3இல் எல்லாமே வெறும் மென்பொருள் வேலை. அதை நம்பாமல் பெரும்பாலான ஓடிடிகள் 480பி என்ற மங்கலான அளவுக்கே படத்தைத் தருகின்றன. டிஆர்எம் என்பது இந்தப் பூட்டுகளின் பொதுப் பெயராம், டிஆர்எம் இன்ஃபோ என்ற செயலியைப் போட்டுக் காட்டினான்: செக்யூரிட்டி லெவல், எல்3. பெட்டி மேல் ஒட்டியிருக்கும் தங்க நிற '4கே' என் கல்யாண வீடியோவுக்கு மட்டும்தான்.

எல்1க்கான சாவியைப் பொதுவாகத் தொழிற்சாலையிலேயே ஏற்றிவிடுகிறார்கள். ஒன்பிளஸ் 5, 5டி போன்களில் அது இல்லாமல் போனபோது 2018இல் போனையே திருப்பி அனுப்பச் சொல்லித்தான் சரிசெய்து கொடுத்தார்கள். பேர் தெரியாத பெட்டிக்கு யார் செய்வார்கள்? 'அடுத்த அப்டேட்ல வந்துரும்' என்பது பச்சைப் பொய்.

பெட்டிக்கும் டிவிக்கும் நடுவில் இருந்த என் பழைய ஆம்ப்ளிஃபயரையும் கழற்றிப் பார்த்தான். பூட்டுப் போட்ட 4கே படத்துக்கு வழியில் இருக்கும் ஒவ்வொரு கருவியும் எச்டிசிபி 2.2 என்ற கேபிள் வழிப் பூட்டு தெரிந்ததாக இருக்க வேண்டுமாம். கழற்றியும் கறுப்புதான்.

கோடியைக் குறை சொல்ல மாட்டேன். எக்ஸ்பாக்ஸில் ஓடத் தொடங்கி 2014இல் இந்தப் பெயருக்கு மாறிய இலவச மென்பொருள் அது. 2019இல் வந்த 18ஆம் பதிப்பிலிருந்து இந்தப் பூட்டுப் போட்ட படங்களையும் ஓட்ட வழி செய்தார்கள், ஆனால் சாவி அவர்கள் கையில் இல்லை. அந்த இலவசத்தைப் போட்டுக் கொடுக்கத்தான் என்னிடம் 1,500.

எரிச்சல் எங்கே தெரியுமா? பக்கத்து வீட்டுப் பையன் அதே படத்தை டெலிகிராமில் இறக்கிப் பளிங்கு மாதிரிப் பார்க்கிறான். அவனுக்குப் பூட்டும் இல்லை, படியும் இல்லை. காசு கட்டியவனுக்குத்தான் கறுப்புத் திரை. திருட்டைத் தடுக்கப் போட்ட பூட்டாம்!

அறிவுரை எழுதுகிறேன் என்றேன், கை ஓடவில்லை. சுருக்கமாக: கடையிலேயே டிஆர்எம் இன்ஃபோ போட்டு எல்1 என்று வருகிறதா பாருங்கள். அது வந்தாலும் போதாது, சில ஓடிடிகள் தங்கள் சான்று தனியாக இருந்தால்தான் தெளிவான படம் தரும். அதனால் உங்கள் கணக்கில் நுழைந்து, உங்கள் ஓடிடியை அங்கேயே ஓட்டச் சொல்லுங்கள். கிளியைப் பார்க்காதீர்கள், பென் டிரைவைப் பிடுங்கச் சொல்லுங்கள். ஆண்டுச் சந்தா வேண்டாம், முதலில் ஒரு மாதம். பில் கட்டாயம் வாங்குங்கள். என்னிடம் இருப்பது 'பாக்ஸ் 1' என்று கிறுக்கிய துண்டுச் சீட்டு.

அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு நாளைக் காலையில் நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியப் போகிறேன். அப்பா இன்னும் விழித்திருக்கிறார். "படம் எப்ப வரும்டா?" என்று ஹாலிலிருந்து இரண்டாவது தடவையாகக் கேட்கிறார்.