கிளிநொச்சிப் புத்தகக்கடையா, கொழும்புக் கைவினைக்கடையா?

அக்காவின் கலியாணப் பட அல்பத்தை நானே செய்வதாக வாய்விட்டுவிட்டேன். பிறகென்ன, இரண்டு இடமும் ஏறி இறங்கினேன்.

கிளிநொச்சியில் ஏ9 வீதிப் புத்தகக்கடையில் பிறிஸ்டல் மட்டை, மினுக்கத்தூள் எல்லாம் உண்டு. ஒரேயொரு மட்டை கேட்டாலும் சுருட்டி றப்பர் பாண்ட் போட்டுத் தருவார்கள். சிக்கல், அல்பத்தில் எழுத்து முத்திரை குத்தும் மையில்தான். இருப்பது கந்தோர் முத்திரைக்கான ஊதா மை. பளபளப்பு மட்டையில் குத்தினால் மறுநாளும் விரல் பட்டு இழுபடுகிறது.

கொழும்பில் இதற்கென்றே உள்ள கடையில் பிக்மென்ட் மை வாங்கினேன். அது மெதுவாகக் காயும். அந்த ஈரத்திலேயே எம்பொசிங் தூளைத் தூவி, மிச்சத்தைத் தட்டிவிட்டுச் சூடு காட்டினால், தூள் உருகி எழுத்துப் புடைத்து நிற்கும். அமிலமற்ற 12 அங்குலச் சதுரத் தாளும் இருந்தது. அமிலமுள்ள தாள் நாட்பட மஞ்சளாகிப் படத்தையும் கெடுக்கும்.

ஆனால் 300 கிலோமீற்றருக்கு மேல் பயணம். தாளும் கட்டாகத்தான். பஸ்ஸில் மடியில் வைத்துக் காத்தும், மாங்குளத்தில் ஏறிய ஒரு ஐயாவின் அரிசிப்பை மூலையை மடித்துவிட்டது.

எனக்கு மட்டையும் பசையும் இங்கே போதும். மைக்கு மட்டும் கொழும்புக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிடுகிறேன்.