வாடைக் கடலில் வீடு திரும்ப: முகத்துவாரமா, காசிமேடா, மணல் கரையா?

ஐப்பசி, கார்த்திகையில் கடலுக்குப் போவது பெரிதில்லை, திரும்பி வருவதுதான் பாடு. போகும்போது அலைக்கு முகம் கொடுத்துப் போகிறோம். வருவது கண்ணுக்குத் தெரியும். திரும்பும்போது அதே அலை முதுகுப் பக்கமாக வரும். சென்னைக் கரையில் சின்னப் படகு வைத்திருப்பவருக்கு அந்த நேரத்தில் நான்கு வழிகள் உண்டு. ஆறு கடலில் விழும் முகத்துவாரத்தில் நுழையலாம். டீசலைச் செலவழித்துக் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகலாம். அலையைத் தாண்டி மணல் கரையில் ஏறலாம். இல்லையென்றால் வெளியிலேயே கிடக்கலாம். இந்த நான்காவதை யாரும் வழி என்றே எண்ணுவதில்லை.

நான் எண்ணூர்ப் பக்கத்துக்காரன். சித்தப்பாவின் பைபர் போட்டில் ஏழெட்டு வருஷம் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், உட்கார்ந்து வந்தவன், இப்போது ஞாயிற்றுக்கிழமைக் கடலோடி. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சந்தேகம் வந்தால் காசிமேடு. ஆனால் அந்தச் சந்தேகம் எங்கே வர வேண்டும், எப்போது வர வேண்டும் என்பதில்தான் ஆளுக்கு ஆள் கணக்கு மாறுகிறது.

முகத்துவாரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் ஏமாற்றுவதில் அதற்கு நிகரில்லை. எண்ணூரில் கொசஸ்தலையாறு, அடையாறில் உடைந்த பாலத்துக்குக் கிழக்கே, வடக்கே போனால் பழவேற்காடு, தெற்கே முட்டுக்காடு. உள்ளே அமைதியான தண்ணீர், வீடு பக்கத்தில், படகைக் கட்ட இடமும் உண்டு. பார்க்க வாசல் போலவே இருக்கும். ஆனால் அந்த வாசலில் ஆற்றுத் தண்ணீர் வெளியே வந்துகொண்டிருக்கும், வாடைக்காற்று தள்ளிய அலை உள்ளே போய்க்கொண்டிருக்கும். இரண்டும் எதிரெதிராக மோதும் இடத்தில் அலை நெருங்கி, குறுகி, செங்குத்தாக நிமிரும். அதற்கு அடியில் ஆறு கொண்டு வந்ததும் கடல் தள்ளியதுமாக ஒரு மணல்மேடு. ஒன்றரை மீட்டர் அலை ஏறக்குறைய இரண்டு மீட்டர் ஆழம் வந்ததும் முறிந்துவிடும். முகத்துவார மேட்டின் மேல் பல இடங்களில் அந்த இரண்டு மீட்டர்கூட இருக்காது. போன வாரம் வழி இருந்த இடத்தில் இந்த வாரம் மணல் இருக்கும்.

சென்னையில் ஏற்றவற்றம் என்ன பெரிய ஏற்றவற்றம் என்று கேட்பவர்கள் உண்டு. அமாவாசை, பௌர்ணமியில்கூட ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஒரு மீட்டர்தான் வித்தியாசம். குஜராத் பக்கத்துக் கடல்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் பழவேற்காடு ஏரி போல ஒரு பெரிய தண்ணீர்ப் பரப்பு, குறுகலான சந்து வழியாக அந்த ஒரு மீட்டரை வெளியே கொட்டும்போது இழுப்பு பலமாகத்தான் இருக்கும். மழைக் காலத்தில் இதுவும் மாறிப்போகும். செம்பரம்பாக்கம் ஏரியின் மதகைத் திறந்துவிட்டால் அடையாறு முகத்துவாரத்தில் ஏற்றத்துக்குக் காத்திருந்து பயனில்லை. 2015 டிசம்பரில் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வெளியேறியபோது, ஆறு கடலை எதிர்த்துத் தள்ளிக்கொண்டுதான் இருந்தது. மற்ற நாளில் “நீர் ஏறும்போது நுழை” என்பது நல்ல விதி. வெள்ள நாளில் அந்த விதிக்கு வேலையே இல்லை.

இன்னொரு சிக்கல், கடல் பக்கமிருந்து பார்த்தால் முறியும் அலை தெரியாது. தெரிவது அலையின் முதுகு மட்டும், வழவழவென்று இருக்கும். வெள்ளை நுரையெல்லாம் கரை பார்த்த பக்கத்தில். ஒரு டிசம்பர் காலை, எண்ணூர் முகத்துவாரத்துக்கு எதிரே நான் “அமைதியாத்தான் இருக்கு சித்தப்பா” என்றேன். அவர் இன்ஜினைக் குறைத்துவிட்டு, “இன்னாடா, வாசல் தொறந்து கீதுன்னா பூந்துருவியா? நுரை மேல தெறிக்குது பாரு” என்றார். உற்றுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது: வழவழப்புக்கு அப்பால் விட்டு விட்டு ஒரு வெள்ளைப் புகை போல எழும்பி அடங்கியது. முக்கால் மணி நேரம் வெளியே நின்றோம். அதற்குள் எங்களைத் தாண்டி ஒரு படகு நுழைந்தது. மேட்டின் மேல் அமரத்தை, அதாவது படகின் பின்முனையை, பின்னால் வந்த அலை தூக்கியது. அணியம் பள்ளத்தில் குத்தியது. படகு பக்கவாட்டில் திரும்பி அடுத்த அலைக்கு விலாவைக் காட்டியது. ஆட்கள் பிழைத்தார்கள். வலையும் ஐஸ் பெட்டியும் போயின.

அந்த நாலு பேருக்கும் கடல் தெரியும். தெரியாதவர்களை ஏற்றிக்கொண்டு அங்கே போவது வேறு கதை. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் சுற்றிப் பார்க்கப் போன படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஆள், உடம்பில் மிதவை அங்கி இல்லை. ஏரிதானே என்றுதான் எல்லோரும் ஏறியிருப்பார்கள்.

முகத்துவாரத்தின் பெரிய குறை இதுதான்: மேட்டின் மேல் ஏறியபின் திரும்ப முடியாது. இரு பக்கமும் மணலோ கல்லோ. திரும்ப நினைத்த கணமே படகு குறுக்கே கிடக்கும்.

காசிமேட்டில் அந்தத் தொல்லை இல்லை. துறைமுகச் சுவரின் வாய் வரை வந்து, பிடிக்கவில்லையென்றால் அப்படியே கடலுக்குத் திரும்பலாம். மோட்டார் நின்றால் நங்கூரம் போட ஆழம் இருக்கிறது. கூப்பிட்டால் கயிறு போட விசைப்படகு இருக்கிறது. அப்படியிருந்தும் ஏன் போவதில்லை? பணம்தான். அடையாறு முகத்துவாரத்திலிருந்து காசிமேட்டுக்குக் கடல் வழியாக 13 கிலோமீட்டர் வரும். எண்ணூரிலிருந்தும் கிட்டத்தட்ட அவ்வளவே. வாடைக்கடலில் ஒன்றரை மணி நேரம், சில நாள் இரண்டு. அங்கே நம் ஏலக்காரர் இல்லை, கட்ட இடத்துக்குச் சண்டை, மறுநாள் படகைத் திரும்பக் கொண்டுவர இன்னொரு டீசல். மீன் கிடைக்காத நாளில் இதெல்லாம் மனசில் ஓடும். ஓடும்போது முகத்துவாரம் கொஞ்சம் அமைதியாகத் தெரியும். சித்தப்பா இதற்காகவே ஒரு பத்து லிட்டர் கேனைத் தனியாகக் கட்டி வைத்திருந்தார், அதற்குப் பெயரே காசிமேடு கேன். அதில் வீட்டார் கை வைத்தது ஒரே ஒரு முறை, என் கல்யாணத்தன்று, ஜெனரேட்டருக்கு.

காசிமேட்டுக்கும் குறை உண்டு. கல்சுவரில் மோதிய அலை திரும்பி வந்து வரும் அலையோடு கலக்கும்போது, சுவருக்கு அருகே தண்ணீர் கொதிப்பது போல இருக்கும், ஒழுங்கே இருக்காது. ஆகவே சுவரை ஒட்டி வரக்கூடாது, தள்ளி வந்து நேராக நுழைய வேண்டும். இரவில் உள்ளே வருபவருக்கு இடது கைப்பக்கம் சிவப்பு விளக்கு, வலது கைப்பக்கம் பச்சை. இந்தியக் கரை முழுக்க இதே ஒழுங்கு. எதிரே விசைப்படகு வந்தால் ஒதுங்கி விடுங்கள், வழி யாருக்கு என்ற சட்டம் பேச அது இடமில்லை.

மணல் கரைதான் எனக்குப் பிடித்த விஷயம். மெட்ராசுக்கே இது பழைய வித்தை. 1870-களில் துறைமுகச் சுவர் எழும்பத் தொடங்கும் வரை இங்கே கப்பல் அணைய இடம் கிடையாது. கப்பல் தொலைவில் நிற்கும். ஆளையும் சரக்கையும் மசூலா படகில் ஏற்றி அலையைத் தாண்டிக் கொண்டுவருவார்கள். அந்தப் படகில் ஆணி இல்லை, பலகையைக் கயிற்றால் தைத்திருப்பார்கள்; அலை மோதினால் உடையாமல் நெளிந்து கொடுக்கும். கூடவே கட்டுமரங்கள் போகும், விழுந்தவரைப் பொறுக்க. சுக்கான் துடுப்பு பிடித்தவர் வெளி அலைக்கு அப்பால் நின்று, பெரிய அலைகள் ஒரு கூட்டமாக வந்து போகும் வரை காத்திருந்து, இடைவெளியில் விடுவார். இன்றும் நொச்சிக்குப்பத்தில் கரை ஏறுபவர் செய்வது அதுதான்.

கரையின் சாதகம், இடத்தை நாம் தேர்ந்தெடுக்கலாம். முகத்துவாரம் ஒரே சந்து. கரை பல கிலோமீட்டர். ஆனால் இது தென் சென்னைக்கு மட்டும். துறைமுகச் சுவர் வந்தபின் தெற்கிலிருந்து வடக்கே போகும் மணல் தடைபட்டு மெரினா அகலமானது, வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கரை அரிக்கப்பட்டது. அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டினார்கள், கடலுக்குள் நீளும் கல்சுவர்களான தூண்டில் வளைவுகளைப் போட்டார்கள். எண்ணூர்ப் படகுக்காரனுக்கு “முடியலேன்னா கரை ஏத்திடு” என்று பட்டினப்பாக்கத்துக்காரர் அறிவுரை சொன்னால், அவன் ஏற வேண்டியது பாறை மேல்.

வேகக் கணக்கு ஒன்று இருக்கிறது, தெரிந்துகொள்வது நல்லது. இரண்டு மீட்டர் ஆழத்தில் அலை மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். அந்த வேகம் கொடுக்கும் படகு ஓர் அலையின் முதுகில் ஏறி, அதன் உச்சியைத் தாண்டாமல், அதனோடு கரைக்குப் போகலாம். முந்தினால் முன் பள்ளத்தில் குத்தும், பிந்தினால் பின்னால் வரும் அலை படகில் ஏறும். படகின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டாருக்கு இது கைவரும். நீண்ட தண்டின் நுனியில் விசிறி சுழலும் லாங் டெயில் இன்ஜின் வைத்து, வலை ஏற்றிய படகுக்கு அந்த வேகம் வராது, அலை அதை முந்தித்தான் போகும். அவர்கள் இடைவெளியை நம்பித்தான் வர வேண்டும். பதிலுக்கு, ஆழம் குறைந்ததும் கைப்பிடியை அமுக்கி விசிறியைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடலாம். அவுட்போர்டில் ஓட்டுபவர் விழுந்தால் இன்ஜினை நிறுத்தும் சுருள் கயிறு உண்டு. கையில் மாட்டாமல் தொங்கவிட்டு ஓட்டுபவரே அதிகம்.

கட்டுமரம் இந்த ஒப்பீட்டில் எல்லோரையும் தோற்கடிக்கும். தண்ணீர் மரங்களுக்கு நடுவே வழிந்து போய்விடும், தங்காது. கவிழ்ந்தால் புரட்டி ஏறிக்கொள்ளலாம். பைபர் போட்டில் ஓர் அடி தண்ணீர் நின்றால் ஒரு டன்னுக்கு மேல் பாரம், அது இங்கும் அங்கும் ஆடும். அடுத்த அலைக்குப் படகு எழும்பாது. ஆனால் கட்டுமரத்துக்குத் திரும்புங்கள் என்று இன்று யாரிடம் சொல்ல?

மிதவை அங்கி பற்றிச் சுருக்கமாக. காற்று நிரப்பும் வகை மெல்லியது, வேலைக்கு வசதி; தூண்டிலும் முள்ளும் பட்டால் கிழியும். ஸ்பாஞ்சு வைத்த வகை வேர்க்கும், ஆனால் கிழிந்தாலும் மிதக்கும். நம் படகுக்கு ஸ்பாஞ்சுதான். பலகைக்கு அடியில் கிடப்பதை அலைக்கு நடுவில் எடுத்து மாட்ட முடியாது, வெளியே நிற்கும்போதே மாட்டிக்கொள்ள வேண்டும்.

இனி நான்காவது வழி. அலை முறிவது ஆழம் குறைந்த இடத்தில்தான். எட்டுப் பத்து பாகம் (ஒரு பாகம் ஆறடி) ஆழத்தில் அதே அலை தூக்கிப் போடும், வாந்தி வரவைக்கும், ஆனால் பெரும்பாலும் கவிழ்க்காது. நங்கூரக் கயிறு ஆழத்தைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு விட வேண்டும், கட்டுவது அணியத்தில். அமரத்தில் கட்டினால் தட்டையான பின்பக்கம் அலைக்கு முகம் கொடுத்து நிரம்பிவிடும். நங்கூரம் எட்டாத ஆழமென்றால் வலையையோ கயிறு கட்டிய கூடையையோ அணியத்திலிருந்து விட்டால், படகு மூக்கைக் காற்றுக்குத் திருப்பி நிற்கும். விடியும் வரை, அல்லது நீர் ஏறும் வரை, ஆறு மணி நேரம். அவ்வளவுதான் விலை.

ஆனால் இது வாடைக்காற்றுக்கு, புயலுக்கல்ல. 2012 அக்டோபர் 31 அன்று நீலம் புயலில் பிரதிபா காவேரி என்ற எண்ணெய்க் கப்பலே நங்கூரம் இழுபட்டுப் பெசன்ட் நகர் கரையில் தட்டியது. உயிர்காப்புப் படகில் இறங்கியவர்கள் கரையோர அலையில் கவிழ்ந்தார்கள், ஆறு பேர் இறந்தார்கள். நீரில் கிடந்தவர்களைக் குப்பத்து மீனவர்கள் இழுத்துக் காப்பாற்றினார்கள். கப்பலிலேயே இருந்தவர்களை மறுநாள் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டர் தூக்கியது. கரை கண்ணுக்கு எதிரே இருந்தது, அந்தக் கடைசி சில நூறு மீட்டரில்தான் உயிர் போனது. வானிலை மையம் “மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65” என்று சொன்ன நாளில் இந்த நான்கு வழிகளில் எதையும் ஒப்பிட வேண்டாம், படகு மணலில் இருக்கட்டும்.

வெளியே கிடப்பதில் இன்னொரு தொல்லை, வீட்டில் இருப்பவர்கள். தகவல் இல்லையென்றால் தேடிக்கொண்டு நாலு படகு அதே முகத்துவாரம் வழியாக வெளியே வரும். செல்போன் சிக்னல் இருக்கும்போதே, எங்கே நிற்கிறோம், எப்போது வருவோம் என்று சொல்லிவிட வேண்டும். இன்ஜின் போய்விட்டதா, நங்கூரம் இழுக்கிறதா, கடலோரக் காவல்படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழும போலீசுக்கு 1093, வி.எச்.எப். ரேடியோ இருந்தால் 16-ஆம் சேனல். சித்தப்பா சித்திக்குப் போன் போட்டால் பேச்சு எப்போதும் ஒன்றுதான்: “வெளியில கீறோம். சோத்துல தண்ணி ஊத்தி வையி, காலையில வரோம்.”