121 டீசல் கொரோலாவுக்கு ஓட்டோமெட்டிக் கியர்பாக்ஸ் மாற்றிய கராஜ் (கிராண்ட்பாஸ், கொழும்பு 14)

எங்கள் வீட்டு டொயோட்டா 121 டீசல் கொரோலாவுக்குக் கியர்பாக்ஸ் மாற்றி நாலு மாதம் ஆகிறது. 5,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டது, ஒரு உதறல் இல்லை. வேலை முடிந்த மறுநாளே புகழ்ந்து எழுதுவதில் அர்த்தமில்லை, ஓட்டோ கியரின் குணம் தெரிய மூன்று மாதமாவது போகவேண்டும் என்றுதான் இவ்வளவு நாள் பொறுத்தேன்.

கராஜ் கிராண்ட்பாஸில் ஒரு ஒழுங்கைக்குள் இருக்கிறது, பெயர்ப்பலகை கிடையாது. எழுதும்போது பெயரும் நம்பரும் போடட்டுமா என்று கேட்டதற்கு, "இருக்கிற வேலையே முடியுதில்ல தம்பி, வேணாம்" என்றார் கராஜ் வைத்திருக்கும் அண்ணன். தேவைப்படுகிறவர்கள் என்னிடம் கேளுங்கள், வழி சொல்கிறேன்.

வத்தளையிலிருந்து வரும்போது புதிய களனிப் பாலத்தில் ஏறும் இடத்தில்தான் முதலில் தெரிந்தது. எஞ்சின் சத்தம் கூடுகிறது, கார் கூடவே போகவில்லை. வழமையாகப் போகும் கராஜில் காட்டினோம். கியர் ஒயில் பார்க்கும் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஒயில் ஃபலூடா நிறத்தில், நுரையோடு இருந்தது. ஒயில் பழசாகிவிட்டது, மாற்றினால் சரியாகும் என்றார்கள். மாற்றினோம். பத்து நாள் நன்றாக ஓடியது, அப்புறம் ஒரு காலையில் பேஸ்லைன் வீதியில் சிக்னலில் நின்றது நின்றதுதான். டி-யில் போட்டாலும் அசைவில்லை, ஆர்-இல் போட்டாலும் அசைவில்லை, பின்னால் பஸ்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருக்கிறார், அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறார். அந்தக் காட்சியை என்னால் மறக்க முடியவில்லை.

ஒரு நண்பன் இந்த அண்ணனின் நம்பரைக் கொடுத்தான். போனில் அவர் சொன்ன முதல் விஷயம், கயிறு கட்டி இழுக்காதீங்க, கெரியரில் ஏற்றிக் கொண்டுவாங்க என்பதுதான். முன்சக்கரங்கள் இழுக்கும் ஓட்டோ காரை எஞ்சின் நின்ற நிலையில் தரையில் உருட்டிக்கொண்டு போனால் கியர்பாக்ஸின் ஒயில் பம்ப் வேலை செய்யாது, உள்ளே எல்லாம் காய்ந்தபடியே உரசும். ஏற்கெனவே போன பெட்டிதானே என்று நான் நினைத்தேன். போனதா இல்லையா என்று பார்த்த பிறகு முடிவெடுக்கலாம் என்றார்.

கார் இறங்கியதும் அவர் கியர்பாக்ஸ் பக்கம் போகவேயில்லை. ரேடியேட்டர் தண்ணீர் இருக்கும் கூலன்ட் டப்பாவைத் திறந்து விரலை விட்டுத் தடவி எடுத்து என்னிடம் காட்டினார். இளஞ்சிவப்பாக, பட்டர் மாதிரி வழுவழுவென்று ஒரு படலம். ரேடியேட்டரின் கீழ்த் தொட்டிக்குள்தான் கியர் ஒயிலைக் குளிர்விக்கும் குழாய் ஓடுகிறது. அது உள்ளே வெடித்தால் வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது, தண்ணீரும் ஒயிலும் உள்ளுக்குள்ளேயே கலந்துவிடும். கியர்பாக்ஸில் இருக்கும் கிளட்ச் பிளேட்டுகளின் லைனிங் பசையால் ஒட்டியது. தண்ணீர் பட்டால் ஊறி உரிந்து வந்துவிடும். அதற்குப் பிறகு எத்தனை லீற்றர் புது ஒயில் ஊற்றினாலும் பிரயோசனம் இல்லை. நிறத்தைப் பார்த்த அன்றே முதல் கராஜில் இந்த டப்பாவைத் திறந்திருந்தால் பெட்டியைக் காப்பாற்றியிருக்கலாமா என்று கேட்டேன். "சொல்ல ஏலாது தம்பி. ஆனா ரேடியேட்டர மாத்தாம வேற பொக்ஸ் போட்டா அதுவும் இப்பிடித்தான் போகும்" என்றார். இந்த ஒரு வசனத்துக்காகவே அவருக்கு முழு மார்க் கொடுப்பேன். இன்னும் இரண்டு இடத்தில் விலை கேட்டிருந்தேன். இரண்டு இடத்திலும் பெட்டியின் விலையைச் சொன்னார்களே தவிர, பெட்டி ஏன் போனது என்று ஒருவரும் கேட்கவில்லை.

மெனுவலுக்கு மாற்றிவிடச் சொன்னவர்களும் உண்டு. அப்பாவுக்கு இடது முழங்கால் சரியில்லை, கிளட்ச் மிதிக்க முடியாது, அதனால் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. விற்கவும் மனமில்லை. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைத் தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள், வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதுக் கார் எங்கள் கைக்கு எட்டாது. அந்த 2,184 சீசீ எஞ்சினும் இன்னும் ஒரு சொட்டு ஒயில் குடிக்காமல் ஓடுகிறது.

பெட்டி வாங்கப் பஞ்சிகாவத்தைக்கு என்னையும் கூட்டிப் போனார். ஜப்பானில் கழற்றி வந்த பெட்டிகளைச் சுவரோடு சுவராக அடுக்கி வைத்திருக்கும் கடைகள், நடக்க இடமில்லை. முதல் கடையில் விலை குறைவு, ஆனால் வயர் பிளக்கை வெட்டிக் கழற்றியிருந்தார்கள், எஞ்சினின் சுழற்சியைப் பெட்டிக்குக் கொடுக்கும் டோர்க் கொன்வேர்ட்டரும் இல்லை. தொட்டுக்கூடப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டார். இரண்டாவது கடையில் கடைக்காரரிடம் பேசி அடி நட்டைக் கழற்றி, ஒரு வெள்ளைக் காகிதத்தில் கொஞ்சம் ஒயிலைச் சொட்டவிட்டு வெயிலில் பிடித்துப் பார்த்தார், பிறகு மணந்தார். கறுத்து, கருகிய மணம் வந்தால் வேண்டாம். இது கொஞ்சம் மங்கிய சிவப்பு, கருகல் இல்லை. 14 நாள் செக்கிங் வொரண்டியைப் பில்லில் எழுதி வாங்கினார். கராஜுக்கு வந்ததும் அடித்தட்டைக் கழற்றி உள்ளே இருக்கும் காந்தத்தைப் பார்த்தோம். சாம்பல் நிறத்தில் மெல்லிய களி மாதிரி மட்டும் இருந்தது. அது வழமையான தேய்மானம்தான், இரும்புத் துண்டு இருந்தால் அன்றைக்கே திருப்பிக் கொடுத்திருப்போம்.

பூட்டும் அன்று நான் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பக்கத்தில் நின்றேன். கொன்வேர்ட்டரைப் பெட்டிக்குள் சொருகும்போது இரண்டு கையாலும் மெதுவாகச் சுற்றிச் சுற்றி அழுத்தினார். டக் என்று ஒரு சத்தம், இன்னும் சுற்றினார், இன்னொன்று, மறுபடி ஒன்று. அதோடு விடவில்லை, பெட்டியின் வாயில் ஒரு இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்து இன்னொரு ஸ்கேலால் உள்ளே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்தார். முழுதாக இறங்காமல் எஞ்சினோடு இறுக்கினால் ஒயில் பம்ப் உடைந்துவிடுமாம். பழைய பெட்டியைக் கழற்றியபோதே அளந்து சுவரில் சோக்கால் எழுதி வைத்திருந்தார், இரண்டும் ஒன்றாக வந்த பிறகுதான் தூக்கினார்கள். ஒயில் போகும் இரும்புக் குழாய்களைப் பெட்ரோல் விட்டுக் கழுவி எயார் அடித்தார்கள், ரப்பர் ஹோஸ்களைக் கழுவாமல் எறிந்துவிட்டுப் புதிது போட்டார்கள். 200 கிலோமீட்டர் ஓடிவிட்டு வரச்சொல்லி, அடி நட்டைக் கழற்றி மறுபடி ஒயில் மாற்றினார். ஒருமுறை வடித்தால் கொன்வேர்ட்டருக்குள் இருப்பது முழுதும் இறங்காது என்பதால்தான் இந்த இரண்டாவது முறை.

செலவு: பெட்டியும் கொன்வேர்ட்டரும் 185,000, புது ரேடியேட்டர் 42,000, இரண்டு முறைக்கும் ஒயில் 32,000, பின் மவுண்டும் ஒயில் சீல்களும் ஹோஸும் 24,000, கூலி 40,000. மொத்தம் 323,000 ரூபாய். சின்னப் பணம் இல்லை, அம்மாவின் சீட்டுப் பணத்தில் ஒரு பகுதி இதற்குத்தான் போனது. ஆனால் அவர் சொன்ன தொகைக்கு மேல் ஒரு சதம் கேட்கவில்லை, சாமான் வாங்கிய பில்கள் எல்லாவற்றையும் என் பெயரிலேயே போட்டுத் தந்தார், பழைய ரேடியேட்டரையும் வெட்டி வெடிப்பைக் காட்டினார்.

குறை இல்லாமல் இல்லை. நாலு நாள் என்றவர் எட்டு நாள் எடுத்தார், இடையில் போயா லீவும் வந்தது. நடுவில் இரண்டு நாள் போனையே எடுக்கவில்லை, அது எனக்கு மிகவும் கோபம் வந்த விஷயம், காரைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவனுக்கு ஒரு மெசேஜ் போடலாம். டிரைவர் சீட்டில் கிரீஸ் கறை, இன்னும் முழுதாகப் போகவில்லை. உட்கார இடம் இல்லை, கார்ட் எடுக்கமாட்டார், காசாகத்தான் கொடுக்கவேண்டும்.

போன கிழமை அப்பா தனியாகச் சிலாபம் போய்வந்தார். வந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, கியரை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பி-க்குக் கொண்டுவந்து, அண்ணன் காட்டிக்கொடுத்த மாதிரியே டிப்ஸ்டிக்கைத் துடைத்து இழுத்துப் பார்த்தோம். அளவு சரி, நிறம் தெளிந்த சிவப்பு. கூலன்ட் டப்பாவையும் திறந்து விரலை விட்டுப் பார்த்தேன், வெறும் கூலன்ட்தான்.