ஹை ஃப்ளோவா, பைபாப்பா? சிலிண்டர் கணக்கு சொல்லும்

நிமோனியாவில் மூச்சுத் திணறி ஐசியூவுக்கு வருபவருக்குச் சாதாரண மாஸ்க் போதவில்லை என்றால், தொண்டையில் குழாய் போட்டு வென்டிலேட்டரில் இணைக்கும் முன் கையில் இருப்பவை இரண்டு: மூக்குவழி ஹை ஃப்ளோ ஆக்சிஜன், முகத்தை இறுக்கிப் பிடித்து அழுத்தத்தோடு காற்றைத் தள்ளும் பைபாப் மாஸ்க். எங்கள் ஐசியூவுக்கு அடுத்து எதை வாங்குவது என்ற பேச்சு வந்தபோது நான் ஹை ஃப்ளோ பக்கம் நின்றேன். இன்றைக்கும் அப்படித்தான்.

வசதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 37 டிகிரிக்குச் சூடாக்கி ஈரப்படுத்திய காற்று நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை போகும். சளி இறுகாது. நோயாளி பேசலாம், கஞ்சி குடிக்கலாம். பைபாப் மாஸ்க்கைப் பிடுங்கிப் போடுபவர்களோடு இரவு முழுக்க மல்லுக்கட்டும் நர்சுகளைக் கேளுங்கள். பிரான்ஸ், பெல்ஜியத்தில் 310 பேரிடம் நடந்து 2015-ல் வெளியான ஃப்ளோராலி ஆய்வில், 90 நாட்களுக்குள் இறந்தவர்கள் ஹை ஃப்ளோவில் 12 சதவீதம், பைபாப் போன்ற மாஸ்க் வென்டிலேஷனில் 28. குழாய் போடும் தேவை உறுதியாகக் குறைந்ததாக மட்டும் சொல்ல முடியவில்லை.

சரி, எல்லோரும் வாங்கிவிடலாமா? இயந்திரத்தின் விலையை விடுங்கள், ஆக்சிஜனைப் பாருங்கள். ஜம்போ சிலிண்டரில் சுமார் 7,000 லிட்டர் இருக்கும். சாதாரண மாஸ்க்கில் 15 லிட்டர் வைத்தால் ஏழே முக்கால் மணி நேரம் வரும். ஹை ஃப்ளோவில் 60 லிட்டர், 100 சதவீத ஆக்சிஜன் என்றால் இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. இரண்டு கட்டிலில் அப்படி ஓடினால் ஒரு நாளைக்கு 25 சிலிண்டர்! நோயாளி மூச்சை வெளியே விடும்போதும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். ஐசியூ வென்டிலேட்டரில் கசிவில்லாமல் போட்ட மாஸ்க்கோ, பெரும்பாலும் அவர் இழுக்கும் அளவுக்குத்தான் கொடுக்கும். கோவிட் இரண்டாம் அலையில் ஆக்சிஜனுக்குத் தவித்த 2021 மே மாதத்தை ஐசியூவில் கழித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம்.

எங்களிடம் திரவ ஆக்சிஜன் டேங்க் இருந்ததால்தான் துணிந்தோம். சிலிண்டரை நம்பி இருக்கும் இடமென்றால் நானே பைபாப்தான் வாங்கச் சொல்வேன். டேங்க் இருந்தாலும் கை சிக்கனம் வேண்டும். விரலில் மாட்டிப் பார்க்கும் ரத்த ஆக்சிஜன் அளவு, அதாவது எஸ்பிஓ2, 92 முதல் 96 வரை போதும், 100-ஐத் துரத்தாதீர்கள். 40 லிட்டர், 60 சதவீத ஆக்சிஜனுக்கு இறக்கிவிட்டால், மீதி சாதாரணக் காற்று என்பதால், ஆக்சிஜன் செலவு நிமிடத்துக்கு 20 லிட்டர்தான்.

சிஓபிடி என்ற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் கார்பன் டை ஆக்சைடு ஏறியவருக்கும், இதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்தவருக்கும் பைபாப்தான் முதலில். இதில் எனக்கு மறுபேச்சே இல்லை. இத்தாலியில் கோவிட் நோயாளிகளிடம் நடந்த ஓர் ஆய்வில், மாஸ்க்குக்குப் பதில் தலையை முழுக்க மூடும் ஹெல்மெட் வைத்தவர்களில் 30 சதவீதத்தினருக்கும் ஹை ஃப்ளோவில் இருந்தவர்களில் 51 சதவீதத்தினருக்கும் குழாய் தேவைப்பட்டது. ஆனால் நான் ஹெல்மெட்டைக் கையாண்டதில்லை, அதனால் அதற்கு மேல் பேசமாட்டேன்.

அப்புறம், ஹை ஃப்ளோவில் ஓர் ஆபத்து: ஆள் தெளிவாகப் பேசுகிறாரே என்று குழாய் போடுவதைத் தள்ளிப்போட்டுவிடுவோம். ஹை ஃப்ளோ கைகொடுக்கிறதா என்று காட்டும் ராக்ஸ் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எஸ்பிஓ2 92, ஆக்சிஜன் 0.6 (அதாவது 60 சதவீதம்), மூச்சு நிமிடத்துக்கு 30 என்றால் 92-ஐ 0.6-ஆல் வகுத்து, பிறகு 30-ஆல் வகுக்க 5.1. எல்லைக்கோடு 4.88, ஆகவே தொடரலாம். மூச்சு 36-க்கு ஏறினால் அதுவே 4.3. மானிட்டரில் அதே 92 நின்றாலும் மயக்க மருத்துவருக்குச் சொல்லிவிடுவேன்.