ஒரே வகுப்பை மூன்று தரம் எடுத்தவளின் கணக்கு

2018இல் வேலையை விட்டேன். 1991இல் ரொறன்ரோ வந்து இறங்கிய நாளிலிருந்து பொதி கட்டும் தொழிற்சாலைகளிலேயே என் காலம் போனது. பெட்டியை மடித்து ஒட்டி இலேபல் போடுவது தவிர, ஒரு பட்டனையும் தட்டிப் பழகவில்லை. வீட்டில் கொம்பியூட்டர் இருந்தது. அதன் முன்னால் போய் இருந்தால் மகன் வந்துவிடுவான். "அம்மா, விடுங்கோ, நான் செய்து தாறன்." மௌஸ் அவன் கைக்குப் போகும். அரை நிமிடத்தில் வேலை முடியும். அடுத்த கிழமை அதே வேலைக்கு மறுபடியும் அவனைக் கூப்பிட வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகு கணினி படிக்க ஒரு தனியார் நிலையத்தில் காசு கட்டிச் சேர்ந்தேன். எந்த நிலையம் என்பதை விடுங்கள். முதல் நாளே எக்செல். எனக்கு இரட்டைக் கிளிக் வராது. இரண்டாம் கிழமையோடு நின்றுவிட்டேன். அதற்குப் பிறகுதான், தமிழ்ப் புத்தகம் எடுக்கப் போன ரொறன்ரோ பொது நூலகக் கிளை ஒன்றில் இலவசக் கணினி வகுப்புகளின் அறிவித்தலைப் பார்த்தேன்.

இந்த நூலகத்துக்கு நகரம் முழுக்க 100 கிளைகள் இருக்கின்றன. நூறாவது, 2015இல் ஸ்காபரோ சிவிக் சென்ரரில் திறந்தது. நகரத்தில் குடியிருந்தாலோ, வேலை செய்தாலோ, படித்தாலோ அட்டை இலவசம். வகுப்புக்கும் காசில்லை. எல்லாக் கிளையிலும் எல்லா வகுப்பும் நடக்காது, அதனால் வேறு கிளைக்குப் பஸ் எடுக்க நேரும். இடம் கெதியாக நிரம்பிவிடும் என்பதால் அறிவித்தல் வந்த அன்றே பதிவது நல்லது. ரெலிபோனிலேயே பதியலாம். இணையத்தில் பதியத் தெரியாதவர்களுக்குத்தானே முதல் வகுப்பு.

அந்த முதல் வகுப்பில் செய்தது சீட்டு விளையாடியது. எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்தே சீட்டு என்றால் குடும்பத்தைக் கெடுக்கிற சாமான். இங்கே என்னவென்றால், படிப்பிக்க வந்த பெடியன் திரையில் சொலிற்றெயர் விளையாட்டைத் திறந்து, "இதை விளையாடுங்கள்" என்றான். சீட்டைப் பிடித்து இழுத்து இன்னொன்றின் மேல் வைக்க வைக்க, பிடிப்பது, இழுப்பது, விடுவது மூன்றும் கைக்குத் தானாக வந்துவிடுகிறது. இன்னொன்றும் கவனித்தேன். யாராவது தடுமாறினால் அவன் பக்கத்தில் வந்து நிற்பான், ஆனால் கை இரண்டும் முதுகுக்குப் பின்னால் இருக்கும். ஒருவருடைய மௌஸையும் அவன் தொடவில்லை. வாயால்தான் சொல்வான். பிள்ளைகளை வளர்த்துவிட்டு அவர்களிடமே கணினி படிக்கப் பார்க்கிற தாய் தகப்பனுக்கு இதன் அருமை தெரியும்.

அந்த அடிப்படை வகுப்பை மூன்று தரம் எடுத்தேன். ஏன் திரும்ப வந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. மின்னஞ்சல் வகுப்பு இரண்டு தரம். ஒவ்வொன்றும் ஒன்றரை, இரண்டு மணித்தியாலம், அன்றோடு முடிந்துவிடும். தொடர்ச்சியாக நடக்கிற கோர்ஸ் என்று நினைத்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். வகுப்பு முடிந்ததும் வீட்டுக்கு ஓடாமல், அதே கிளையில் அட்டையைக் காட்டிக் கணினி ஒன்று எடுத்து, படித்ததை அங்கேயே இன்னொரு தரம் செய்து பார்த்தவர்களுக்குத்தான் மனதில் நின்றது. நான் கண்ட வரை மற்றவர்கள் அடுத்த மாதம் என்னோடு மறுபடியும் முதலாம் வகுப்பில்தான் இருந்தார்கள். ஒரு நாள் மின்னஞ்சலை மூடாமல் எழும்பி வந்துவிட்டேன். எனக்குப் பிறகு அந்தக் கதிரைக்கு வந்த பெண்பிள்ளை வாசல் வரை ஓடி வந்து கூப்பிட்டாள். பொதுக் கணினியில் "சைன் அவுட்" இல்லாமல் எழும்பக்கூடாது என்பதை அப்படித்தான் படித்தேன்.

ஆங்கிலம்தான் பெரிய மதில். நான் போன வகுப்பெல்லாம் ஆங்கிலத்தில் நடந்தவை. தொழிற்சாலை ஆங்கிலம் எனக்குப் போதுமாக இருந்தது, ஏனென்றால் காட்டிக் காட்டிச் சொல்வார்கள். என்னோடு வந்த வவுனியா அக்கா ஒருவருக்கு அதுவும் இல்லை. பக்கத்தில் இருந்து நான் மெல்லமாகத் தமிழில் சொல்வேன். அவவுக்கு விளங்கியதோ இல்லையோ, சொல்லிச் சொல்லி எனக்கு நன்றாக விளங்கியது. வேலைக்குச் சான்றிதழ் தேடுகிறவர்களுக்கும் இந்த வகுப்புகள் சரிவராது. அவர்கள் கல்லூரிப் பக்கம்தான் பார்க்க வேண்டும்.

இனி ஆராய்ச்சிப் பக்கம். தேடல் என்றால் பல்கலைக்கழகப் பிள்ளைகளின் அலுவல் என்றுதான் நினைத்திருந்தேன். என்னை அதற்குள் இழுத்தது ஒரு கதை. என் கணவருடைய ஊர்க்காரர் ஒருவர் 1986 ஓகஸ்ற்றில் நியூபவுண்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்து வந்த 155 தமிழர்களில் ஒருவர். கொண்டாட்டம் எதிலும் அந்தக் கதையை எடுப்பார், ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு மாதிரிச் சொல்வார். சரியாக என்னதான் நடந்தது என்று அறிய எனக்கு ஆசை. நூலகத்தில் நூலகரோடு தனியாக நேரம் ஒதுக்கித் தருவார்கள், அதுவும் இலவசம். பதிந்துகொண்டு போனேன்.

நான் முதலில் தேடல் பெட்டிக்குள் ஒரு முழு வசனத்தையே அடித்து வைத்தேன். கடைக்காரனிடம் கேட்பது போல. தேவையில்லாத குப்பையெல்லாம் வந்து விழுந்தது. நூலகர் அம்மா கேட்ட கேள்வி இன்னும் மறக்கவில்லை: "அன்றைய பத்திரிகைக்காரன் இதை எந்தச் சொல்லால் எழுதியிருப்பான்?" நாங்கள் இன்று சொல்கிற சொல்லைத் தேடினால் பழைய பத்திரிகை பேசாது. குளோப் அன்ட் மெயில் பத்திரிகையின் பழைய இதழ்கள் நூலகத் தரவுத்தளத்தில் இருக்கின்றன. அதைத் திறந்து, 1986 ஓகஸ்ற் மாதத்துக்குத் திகதியை ஒடுக்கினோம். நூலகர் அம்மா தமிழர் என்ற ஆங்கிலச் சொல்லின் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி போட்டா, ஒருமை பன்மை இரண்டும் அகப்படும் என்று. உயிர்காப்புப் படகு என்பதை மேற்கோள் குறிக்குள் அடைத்தா. அச்சு மங்கிய பக்கங்களை இயந்திரம் பிழையாக வாசித்திருக்கும், அதனால் ஒரு சொல்லில் கிடைக்காவிட்டால் இன்னொரு சொல்லால் தட்ட வேண்டும் என்றும் சொன்னா.

செய்திகளை நாள் வரிசையில் வாசித்தோம். மீன்பிடிப் படகுத் தலைவர் கஸ் டால்ரன் அவர்களைக் கண்டு காப்பாற்றியது, இந்தியாவில் இருந்து கப்பலில் வந்தோம் என்று அவர்கள் சொன்னது எல்லாம் ஆரம்ப நாட்களில் இருக்கிறது. பிந்திய நாட்களில் கதை மாறுகிறது. கப்பல் புறப்பட்டது மேற்கு ஜேர்மனியில் இருந்து. நூலகர் வாயால் சொல்லவில்லை, நாள் வரிசையில் வாசிக்க வைத்தே காட்டினா: முதல் நாள் செய்தியோடு நின்றுவிட்டால் பிழையான கதையைத்தான் எடுத்துக்கொண்டு போவோம்.

அடுத்த முறை அந்த ஊர்க்காரரைக் கண்டபோது, நான் வாசித்ததைச் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அண்டைக்கு உண்மையைச் சொன்னா திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு பயம், தங்கச்சி" என்றார். பத்திரிகையில் இல்லாத பாதியை அவர்தான் சொன்னார். பிறகு அவருடைய கதை மாறவேயில்லை.

இந்தப் பழக்கம் வற்சப்புக்கும் வந்துவிட்டது. நீரிழிவுக்குப் பாகற்காய்ச் சாறு குடித்தால் மருந்தை நிற்பாட்டலாம் என்று ஒரு செய்தி சுற்றும். எனக்கும் சீனி வருத்தம் இருக்கிறது. எழுதியது யார், எப்போது, எழுதியவர் ஏதாவது விற்கிறாரா என்ற மூன்றையும் பார்க்கச் சொல்லித் தந்தார்கள். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் மெட்லைன்பிளஸ் தளத்தையும் காட்டினார்கள். இப்போது குடும்பக் குழுமத்தில் என்னை "செக்கிங் அன்ரி" என்கிறார்கள். பெருமையாகச் சொல்கிறார்களா என்று நான் தேடிப் பார்க்கவில்லை.

தமிழில் தேடுவதற்கு மட்டும் அங்கே வழி கிடைக்கவில்லை. அது நூலகத்தின் குற்றமில்லை, எங்கள் எழுத்துருக்களின் கோலம். நான் எடுத்துப் போன பழைய சஞ்சிகைக் கோப்பு பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தது. திரையில் அம்மா என்று தெரியும், உள்ளே கிடப்பது ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பிரதி எடுத்து ஒட்டிக் காட்டினேன், நூலகர் அம்மா சிரித்துவிட்டா. யூனிகோட் என்ற பொது எழுத்து முறையில் இல்லாததைத் தேடுபொறி எப்படிக் கண்டுபிடிக்கும்? ஈழத்து நூல்களுக்கு 2005இல் தொடங்கிய நூலகம் என்ற மின்னூலகத்துக்குத்தான் போகிறேன். அங்கும் பெரும்பாலும் தலைப்பையும் ஆசிரியரையும் வைத்துத் தேடிவிட்டு, உள்ளே கண்ணால்தான் துழாவ வேண்டியிருக்கிறது.

2020 மார்ச்சில் கிளைகள் மூடின, வகுப்புகள் சூமுக்குப் போயின. அங்கே "உங்கள் குரல் கேட்கவில்லை" என்பதிலேயே பாதி நேரம் கரைந்தது. தொடங்குகிறவர்களுக்கு அது சரிவராது என்பது என் எண்ணம்.

2023 ஒக்ரோபர் கடைசியில் ரொறன்ரோ நூலகத்தின் மேல் நடந்த இணையத் தாக்குதல் அதைவிடப் பெரிது. தாக்கியவர்கள் பணம் கேட்டார்கள், நூலகம் கொடுக்கவில்லை. இணையத்தளம் மூடியது, பொதுக் கணினிகள் நின்றன, திரும்பி வந்த புத்தகங்களைப் பதிய வழியில்லாமல் டிரெய்லர்களில் அடுக்கி வைத்தார்கள். எங்கள் ஆட்கள் சிலர் உடனே யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்ட 1981ஐ இழுத்தார்கள். எனக்கு அந்த ஒப்பீடு பிடிக்கவில்லை. இங்கே புத்தகம் ஒன்றும் எரியவில்லை. 2024 பெப்ரவரி அளவில் எல்லாம் படிப்படியாகத் திரும்பி வந்தன. இடையில் நான் போனபோது வைஃபை மட்டும் இருந்தது. மகனின் பழைய லப்ரொப்பைத் தூக்கிக்கொண்டு போய், இருந்த இடத்திலேயே வேலை செய்தேன். ஐந்து வருடத்துக்கு முன்னால் அதைத் திறக்கவே தெரியாது எனக்கு.

இந்த மாதம் என் கணவரும் முதலாம் வகுப்புக்குப் பதிந்திருக்கிறார். நான்கு வருடம் சொல்லிப் பார்த்தும் அசையாத மனிதர். முதல் நாள் சீட்டு விளையாட விடுவார்கள் என்று சொன்ன பிறகுதான் சப்பாத்தைப் போட்டார்.