பூனைப் படத்துக்குப் பருத்தித் தாளா, மரக்கூழ்த் தாளா?

புதுச்சேரியில் நீர்வண்ணம் பழகுகிறவர்கள் பூனை முகம் வரைய உட்காரும்போது தடுமாறுவது தாளில்தான். இரண்டிலும் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) தாளையே ஒப்பிடுகிறேன்.

விலை: மரக்கூழ் மலிவு. பருத்தி பல மடங்கு.

உரோமம்: பருத்தியை அடிக்க ஆளில்லை. ஈரத்தை உள்வாங்கி நெடுநேரம் வைத்திருக்கும். கன்னத்தில் வெளிர்பழுப்பைப் பூசி, நீரின் பளபளப்பு மங்கும் வேளையில் கெட்டி வண்ணத்தைத் தூரிகை நுனியால் தொடுங்கள். ஓரம் மெல்லக் கசிந்து உரோமமாகவே மாறும். மரக்கூழில் நீர் மேலேயே தேங்கி, திட்டுத்திட்டாகக் காயும். இரண்டாம் பூச்சு அடிவண்ணத்தைக் கிளறிவிடும்.

திருத்தம்: இதில் மரக்கூழே மேல். ஈரத் தூரிகையால் ஒற்றியெடுத்தால் கண்ணின் ஒளிப்புள்ளி திரும்பக் கிடைக்கும். பருத்தியில் அந்த வெள்ளையை முதலிலேயே விட்டுவைக்க வேண்டும்.

ஆயுள்: பருத்தி நீடிக்கும், மலிவான மரக்கூழ் மஞ்சளாகும். கடற்காற்றின் ஈரத்தில் இரண்டுக்குமே பூஞ்சை பிடிக்கும், உறையிலிட்டு வையுங்கள்.

அரவிந்தர் ஆசிரமத்தின் கைவினைத் தாள்களும் இங்கே கிடைக்கின்றன. வாங்கியதும் ஓரத்தில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். சட்டென்று உறிஞ்சினால் அந்தத் தாள் கோட்டோவியத்துக்கு மட்டுமே.

கண், மூக்கு, மீசை பழக மரக்கூழ் போதும். வீட்டுப் பூனையைச் சட்டமிட்டு மாட்டுவதென்றால், ஒரே ஒரு தாளானாலும் பருத்தியை வாங்குங்கள்.