பளபளப்பைக் கண்டு ஃபோர்க் குழாய் வாங்காதீர்கள்: என் அனுபவம்

கடந்த மாதம் மண்டபத்திலிருந்து இராமநாதபுரத்துக்குத் திரும்பும் வழியில், மீன் லாரிகள் ஒழுகவிட்டுச் சென்ற ஐஸ் தண்ணீரில் என் 150 சிசி வண்டி உச்சிப்புளிக்கு அருகே வழுக்கிச் சாலையோரக் கருவேல மரத்தில் மோதியது. எனக்கு முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. வண்டிக்கோ முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்கள் இரண்டும் பின்னோக்கி வளைந்து, ஹெட்லைட்டும் ஓர் இண்டிகேட்டரும் நொறுங்கியிருந்தன. மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே இருந்ததால் செலவு முழுவதும் என் தலையில்தான் விழுந்தது.

ஹெட்லைட்டையும் இண்டிகேட்டரையும் வெளிக் கம்பெனிச் சரக்காக மலிவாக வாங்கினேன். அவற்றில் இன்றுவரை குறையில்லை. ஃபோர்க் குழாய்களுக்கு அங்கீகாரம் பெற்ற கடையில் ஜோடி 2,900 ரூபாய் என்றும், வந்து சேர ஒரு வாரமாகும் என்றும் சொன்னார்கள். ஊரில் உதிரிபாகம் விற்கும் ஒருவரோ, "சென்னை புதுப்பேட்டையில இருந்து வந்த கம்பெனி சரக்கு தம்பி, பெட்டி மட்டுந்தான் இல்ல" என்று 1,600 ரூபாய்க்கு எடுத்துக் கொடுத்தார். பில் கேட்டபோது, ஜிஎஸ்டி சேர்ந்தால் உங்களுக்குத்தானே நட்டம் என்றார். என் பணத்தின் மீது அவருக்கிருந்த அக்கறை எனக்கு அப்போது சந்தேகம் தரவில்லை. பெட்டியில்லாத குழாயை மாட்டத் தயங்கிய மெக்கானிக் அண்ணனையும் நான்தான் அவசரப்படுத்தினேன்.

ஒன்பதாம் நாள் இடப்பக்க ஆயில் சீல் (ஃபோர்க்கினுள் இருக்கும் எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) கசியத் தொடங்கியது. சீல் மாற்றியும் நிற்கவில்லை. அதற்கடுத்த வாரம் பாம்பன் சாலைப் பாலத்தில் பக்கவாட்டுக் காற்றில் வண்டி இடப்பக்கமாகவே இழுத்தது; காற்றின் வேலை என்று நினைத்தேன், ஆனால் பாலம் தாண்டிக் காற்று ஓய்ந்த இடத்திலும் அந்த இழுப்பு நிற்கவில்லை.

மெக்கானிக் அண்ணன் குழாய்களைக் கழற்றித் தடித்த கண்ணாடிப் பலகையின் மேல் உருட்டிக் காட்டினார். ஒன்று சீராக உருண்டது; மற்றொன்று ஏறி இறங்கி உருண்டதோடு, அடியில் டியூப் லைட் வெளிச்சமும் கசிந்தது. அதாவது, எங்கோ விபத்தில் வளைந்த குழாயை லேத் பட்டறையில் பெண்டு எடுத்து, துருப்பிடித்த குழிகளின் மேல் மெல்லிய குரோம் பூசிப் புதியதாக விற்றிருக்கிறார்கள். குரோம் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத நுண்விரிசல்கள் உண்டு. அவற்றின் வழியே நம் கரையோர உப்புக்காற்று இறங்கியதால் பூச்சு சில நாட்களிலேயே கொப்பளித்து, அந்த முனைகள் சீலின் ரப்பரைக் கிழித்திருக்கின்றன. கசிவை விடப் பெரிய ஆபத்து, ஒருமுறை வளைத்து நிமிர்த்திய இரும்பு அந்த இடத்தில் பலமிழந்திருப்பதும், வேகமாகப் போகும்போது ஒரு பெரிய பள்ளமே அதை மறுபடி மடக்கிவிடக்கூடும் என்பதும்தான்.

பெட்ரோல் டேங்க், சைடு கவர் போன்றவற்றைப் பழையதாக வாங்குவதில் தவறில்லை, டேங்கின் உட்புறத்தை மட்டும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஃபோர்க், ஹேண்டில் கோன் செட் (ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்குகள்), பிரேக் ஆகியவற்றைப் பாக எண்ணும் எம்ஆர்பியும் அச்சிட்ட பெட்டியும் பில்லும் இல்லாமல் வாங்காதீர்கள். கடையிலேயே குழாயை உருட்டிப் பார்க்கச் சம்மதிக்காதவரிடம் பேரம் பேசவே வேண்டாம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, "நீங்க மாட்டின முறை சரியில்ல" என்று பதில் வந்தது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக எண்ணம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணமில்லை, 2 ஆண்டுகள் அவகாசமும் உண்டு. பில் இல்லாததால் ஜிபே ரசீதும், அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களுமே என்னிடமுள்ள சான்றுகள். குழாய்கள் பட்டறையில் சாக்கில் கட்டிக் கிடக்கின்றன. புகார் முடிந்ததும் அவற்றை நடுவில் அறுத்துவிட்டுத்தான் பழைய இரும்புக்குப் போடப் போகிறேன்.